முதலில் தாழ்வாரத்தைப் பாருங்கள்

குசினிச் சுவரடியில் ஒரு பொந்து. அதற்குள் சீமெந்தைக் குழைத்து அப்பிவிட்டு எலி வேலை முடிந்தது என்று இருந்தால், இரண்டு கிழமையில் சீலிங்குக்கு மேல் மறுபடி ஓட்டம் கேட்கும். யாழ்ப்பாணத்து வீடுகளில் எலி அடைக்கும் வேலை பிழைத்துப்போவது பெரும்பாலும் இப்படித்தான். குனிந்தால் தெரிகிற ஓட்டையை அடைத்துவிடுகிறோம். எலியோ தலைக்கு மேல், சுவரும் கூரையும் சந்திக்கிற இடத்தால் வந்துபோகிறது.

வலையும் கலவையும் வாங்கப் போகுமுன் வந்துபோவது எது என்று பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டெலிக்கு மெலிந்த உடம்பு, பெரிய காது, உடம்பைவிட நீண்ட வால். மரம், வயர், கரடுமுரடான சுவர் எதிலும் ஏறும். அகழானுக்குக் கட்டை வால், மழுங்கிய மூஞ்சி. அது நிலத்தைத் தோண்டும் எலி, வளை வாயில் புதுமண் குவிந்து கிடக்கும். பெருச்சாளி அதைவிடப் பெரியது, கான் ஓரமும் மலக்குழி ஓரமும் மதிலடியும் அதன் இடம். சுண்டெலி அலுமாரிக்குள்ளேயே கூடு வைத்துவிடும். மூஞ்சூறை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நீண்ட கூர்மூக்கும் கடும் நாற்றமும் உள்ள அது பூச்சி தின்னும் பிராணி. கதவடி இடைவெளியை அடைத்தாலே அதன் வரத்து நின்றுவிடும்.

எச்சம் நல்ல சாட்சி. ஏறக்குறைய அரை அங்குல நீளம், இரண்டு முனையும் கூர் என்றால் வீட்டெலி. அரிசிமணியிலும் சிறியது சுண்டெலியுடையது. தடித்துப் பெரிதாக இருந்தால் அகழானோ பெருச்சாளியோ. ஒரு முனையில் வெள்ளை ஒட்டியிருந்தால் அது பல்லி எச்சம், அதற்காக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. வளவுக்குள்ளும் பாருங்கள். தென்னைக்குக் கீழே விழுந்த குரும்பட்டிகளில் காம்புப் பக்கமாக வட்டமாய்க் குடைந்திருந்தால் மரத்தில் எலி இருக்கிறது. மரத்தில் இருக்கிற எலிக்குக் கூரை பக்கத்து வீடு.

இனி அளவு. சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளி காணும், எலிக்குட்டிக்கு 12. தலை நுழைந்தால் உடம்பு நுழையும். சாதாரண பென்சில் ஒன்று உள்ளே போகிற எந்த இடமும் அடைக்க வேண்டிய இடம். அளவுகோலுக்குப் பதிலாகப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவருவது வசதி.

சுற்றிவர நல்ல நேரம் இரண்டு. பட்டப்பகலில் கதவு யன்னல்களை மூடி, லைற்றை அணைத்துவிட்டு, சீலிங் வாசலால் தலையை நீட்டிப் பத்து நிமிடம் கண் பழகும்வரை பொறுங்கள். வெளிச்சம் எங்கெங்கே கீறலாக விழுகிறதோ அங்கெல்லாம் சோக்கால் குறி போடுங்கள். இரவில் ஒருவர் சீலிங்குக்குள் ரோச் அடிக்க மற்றவர் முற்றத்தில் நின்று பார்த்தால் வெளிப்பக்க இடங்கள் பிடிபடும். எலி நாளாந்தம் உரசிப்போகிற மரத்திலும் சுவரிலும் கறுத்த எண்ணெய்ப் பூச்சு படிந்திருக்கும். பாவனையில் உள்ள பொந்து எது என்று அறிய, பத்திரிகைத் தாளைக் கசக்கி இறுக்கமில்லாமல் செருகிவிடுங்கள். மூன்று இரவு அசையாமல் இருந்தால் அது பழைய பொந்து. நிலத்தில் என்றால் கொஞ்சம் அரிசிமாவைத் தூவிவிட்டால் விடியக் காலடி தெரியும்.

இனித் தாழ்வாரம். ஓட்டு வீட்டில் சுவர் மேல் கிடக்கும் வளைமரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே, கைமரத்துக்குக் கைமரம் ஒரு திறந்த கட்டம் இருக்கும். காற்றோட்டத்துக்காக விட்ட இடம் அது. மேசன்மார் சிலர் அதைக் கல்லுவைத்து முழுதாகக் கட்டிவிடச் சொல்வார்கள். எலிக்கு அது பலமான தடைதான், ஆனால் சித்திரை வைகாசியில் கூரைக்குள் தேங்கும் சூடு வெளியேற வழியில்லாமல் அறைக்குள் இறங்கும். மரமும் ஈரத்தோடு அடைபட்டு உளுத்துப்போகும். அந்த இடத்துக்கு வலைதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

வலை என்றால் கால் அங்குலக் கட்டம் உள்ள, பற்றவைத்த சதுரக் கம்பிவலை. கோழிக்கூட்டு அறுகோண வலைக்குள் எலிக்குட்டி தடையில்லாமல் போகும். நுளம்பு வலையையும் பிளாஸ்ரிக் வலையையும் ஒரே இரவில் கடித்துவிடும். அலுமினிய வலையும் பல்லுக்குத் தாங்காது. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, அதனால் மரம், பிவிசி, ஈயம், அலுமினியம், காயாத கொங்கிறீற் எல்லாவற்றையும் அது கொறிக்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய உருக்குத் தகட்டிலும் கம்பியிலும்தான் அதன் வேலை நிற்கும்.

அளவு எடுக்க ஒரு கணக்கு: 30 அடிக்கு 35 அடி வீடு என்றால் சுற்றளவு 130 அடி. 3 அடி அகல வலையை நீளவாட்டில் மூன்றாக வெட்டினால் ஓரடிப் பட்டி மூன்று வரும். 44 அடி வலை போதும், ஒட்டுகளுக்கும் மூலைகளுக்கும் சேர்த்து 50 அடி வாங்குங்கள். பட்டியின் கீழ்விளிம்பை வளைமரத்தில் வைத்து 4 அங்குலத்துக்கு ஒரு கொக்கி ஆணி அடியுங்கள். கைமரம் வரும் இடத்தில் வலையை வெட்டி, வெட்டின இரு நாக்கையும் கைமரத்தின் பக்கங்களில் மடித்து ஆணி அடிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறவர்கள் பிழைவிடுகிறார்கள். கைமரத்தின் இரு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விட்டுப்போனால் 130 அடி வலையும் வீண். மேல்விளிம்பில் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு, அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டாகச் சீப்புப்போல் வெட்டி, ஓட்டின் வளைவுக்கேற்ப அமர்த்திவிடுங்கள். ஒட்டும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று 2 அங்குலம் ஏறி, கட்டுக்கம்பியால் இறுகக் கட்டியிருக்க வேண்டும்.

உப்புக்காற்று இங்கே பெரிய விடயம். பருத்தித்துறை, காரைநகர், ஊர்காவற்றுறை, குருநகர்ப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் நாகம் பூசிய சாதாரண ஜி.ஐ. வலை வேகமாகத் துருவேறி விரலால் அழுத்தினாலே உதிரும். அங்கே 316 தரத் துருவேறா உருக்கு வலைதான் போட வேண்டும். விலை பல மடங்கு, என்றாலும் ஏணி வைத்து இரண்டாம் முறை ஏறும் கூலியோடு பார்த்தால் நட்டமில்லை. அதற்கு ஆணியும் திருகும் துருவேறா உருக்காகவே இருக்கட்டும். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் நாகம் பூசிய ஆணி முதலில் அரிபட்டு, நல்ல வலை தொங்கிப்போகும். கோப்பாய், சுன்னாகம் போல உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களில் ஜி.ஐ. வலை போடலாம். பற்றவைத்த பிறகு நாகம் பூசியதா என்று கேட்டு வாங்குங்கள். பற்றுகளின் மேலும் பூச்சு ஏறியிருந்தால் அது நிலைக்கும்.

அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட கூரையில் சுவரின் மேல்விளிம்பில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு வாசல். சீற்றின் அலைவுக்குள் கலவை திணிப்பது வழக்கம். வெயிலில் சீற் விரிந்து சுருங்குவதால் அந்தக் கலவை விலகி, ஒரு வருடத்தில் பென்சில் போகும் அளவுக்குக் கீறல் விடும். வலைப்பட்டியைச் சுருட்டி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் உருளையாகச் செருகி, கீழ்ப்பக்கத்தைச் சுவரில் அடித்துவிடுவது நின்றுபிடிக்கும். சீற்றை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் நன்றாக நனைத்து, தகுந்த முகக்கவசத்தோடு கைவாளால் மெதுவாகச் செய்யுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கொடியது, எலியைவிடக் கொடியது.

முகட்டோடுகளைப் பதித்த கலவை உதிர்ந்திருக்கிறதா, சோளகத்தில் ஓடு விலகியிருக்கிறதா, இரண்டு கூரை சந்திக்கும் பீலியின் அடியில் இடைவெளி இருக்கிறதா என்பதையும் அதே ஏணியில் பார்த்துவிடலாம். கொங்கிறீற் தட்டு வீடுகளில் கூரைப் பிரச்சினை குறைவு. அங்கே மாடிப்படிக் கதவும் தண்ணீர்த் தாங்கிக் குழாய் இறங்கும் துவாரமுமே வழி.

கீழே இறங்கினால் முதலில் கதவு. கதவடிக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி 6 மில்லிமீற்றருக்குக் குறைய இருக்க வேண்டும். மரக்கதவு மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும். கோடையில் இறுக்கமாகச் செய்தால் கார்த்திகையில் கதவு திறபடாது, உடனே அடியைச் சீவுவார்கள், தையில் திரும்பவும் வழி விடும். கதவடியில் 24 கேஜ் ஜி.ஐ. தகட்டை ஓரடி உயரத்துக்கு வெளிப்பக்கம் அடித்து, விளிம்பை அடிப்பக்கமாக மடித்துவிடுங்கள். நிலையின் அடிமூலை இரண்டுக்கும் சிறு தகடு வேண்டும், எலி கொறிக்கத் தொடங்குவது அந்த மூலையில்தான். இரட்டைக் கதவில் நடுமூட்டின் அடியை மறந்துவிடாதீர்கள். தும்பும் றப்பரும் வைத்த கதவடிப் பட்டிகள் தூசுக்கு நல்லவை, எலிக்கு ஒரு கிழமை.

யன்னலுக்கு மேல் காற்றுக்காக வைத்த பூக்கல்லுக்கு வெளிப்பக்கமாகச் சட்டம் போட்டு அதே வலை. விறகடுப்புப் புகைக்கூட்டுக்கு மட்டும் விதிவிலக்கு: கால் அங்குல வலையைக் கரி சீக்கிரம் மூடிவிடும், அரை அங்குல வலையைக் கழற்றக்கூடிய மாதிரிப் பூட்டி மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

குழாய் சுவரைத் துளைக்கும் இடங்கள் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குரியவை: சிங் தண்ணீர் போகும் குழாய், காஸ் குழாய், மோட்டர் வயர், ஏசிக் குழாய். ஏசி பூட்டுகிறவர்கள் பெருந்துவாரம் போட்டு மென்மையான மாவை அப்பிவிட்டுப் போவார்கள். விசிறும் நுரைப் பசையும் அப்படித்தான், தனியே நின்றால் எலி அதைப் பாணைப்போல் பிய்த்துவிடும். துவாரத்தில் உதிரும் பூச்சை உறுதியான கல் வரும்வரை சுரண்டி, நனைத்து, துருவேறா உருக்குப் பாத்திரம் தேய்க்கும் சுருளைத் திருகாணித்தடியால் இறுக்கித் திணித்து, அதன்மேல் குறைந்தது ஓர் அங்குலக் கனத்துக்குக் கலவை வையுங்கள். சாதாரண இரும்புச் சுருள் வேண்டாம், ஒரு மாரியில் துருவாய்க் கரைந்து சுவரில் வழியும்.

கலவை 1 சீமெந்துக்கு 3 மணல். சுவர் பூசும் 1க்கு 6 கலவையை எலி நகத்தால் உரித்துவிடும். காலையில் வைத்து, இரவுக்கு முன் மேலே ஓட்டுத் துண்டோ தகடோ சாத்திக் கல்லை முண்டு கொடுங்கள். முதல் இரவில் ஈரக் கலவையைத் தோண்டுவது எலிக்குச் சின்ன வேலை. மூன்று நாள் நனைத்துவர வேண்டும். குழைக்கும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கடல் மணலும் சேர்ந்தால் உள்ளே வைத்த வலை சீமெந்துக்குள்ளேயே துருப்பிடித்து, ஊதி, பூச்சை வெடிக்க வைக்கும்.

பழைய சுண்ணக்கல் வீடுகள் தனிப் பேச்சு. ஒன்றரையடிச் சுவர், நடுவே பொடிக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அந்தச் சாந்து உதிர்ந்த சுவருக்குள் எலி தெருவே வைத்திருக்கும். இங்கே ஒரு வாயை அடைத்தால் அடுத்த அறையில் இன்னொரு வாய் திறக்கும். அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உள்ளும் புறமும் மூட்டுகளை ஓரங்குல ஆழம் சுரண்டி, 1 சீமெந்து, 1 சுண்ணாம்பு, 6 மணல் கலவையால் நிரப்ப வேண்டும். முழுச் சுவரையும் கடும் சீமெந்தால் மூடினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியேறாமல் உப்புப் பூத்துப் பூச்சு கழன்று விழும். 1க்கு 3 கலவை பொந்து வாய்க்கு மட்டும்.

கானுக்குள் விழும் குழாய்களின் வாயில் கழற்றிக் கழுவக்கூடிய உருக்கு மூடி போடுங்கள். மலக்குழி மூடியின் வெடிப்பை அடைத்து, காற்றுக்குழாயின் தலையில் வலை கட்டினால் நுளம்புக்கும் அது தடை. எலிக்கு நீந்தத் தெரியும், கக்கூசின் தண்ணீர்ப் பூட்டு வழியாகவும் வரக்கூடியது. ஆட்கள் வெளிநாட்டில் இருக்கப் பூட்டிக்கிடக்கும் வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிவிடுவதால் குழாய் முழுதாகத் திறந்த பாதை ஆகிவிடுகிறது. அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்கள் மாதம் இரண்டு முறை எல்லாக் கோப்பைக்கும் நிலத்து வடிகாலுக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும்.

அகழான் தோண்டும் வீட்டுக்கு அத்திவாரத்தை ஒட்டி ஓரடி ஆழக் கிடங்கு வெட்டி, வலையைச் சுவரோடு இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக ஓரடி மடித்து மண் போடுங்கள். தோண்டி வரும் எலி மடிப்பில் முட்டும், சுற்றிப்போக அதற்குத் தெரிவதில்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் சீக்கிரமே பாறை தட்டும். வலையின் அடியைப் பாறையோடு கலவை வைத்துப் பிடித்துவிடலாம். தென்மராட்சி, வடமராட்சி கிழக்கின் மணலில் இரண்டடி ஆழம் வேண்டும்.

இவ்வளவையும் ஒரே நாளில் அடைத்து முடிப்பது பெரும்பிழை. உள்ளே அகப்பட்ட எலி சீலிங்கில் செத்து நாறும், அல்லது வெளியேற வயரையும் கதவையும் கடிக்கும். மற்ற எல்லா இடத்தையும் அடைத்து, அதிகம் பாவிக்கும் ஒரு வழியை மட்டும் திறந்துவிடுங்கள். பிறகு உள்ளே பொறி வையுங்கள், ஒன்று இரண்டு காணாது, எட்டுப் பத்து வேண்டும். எலி புதுப்பொருளுக்குப் பயப்படும் பிராணி. முதல் மூன்று இரவு பொறியை ஏற்றாமல் தீனி மட்டும் வைத்துத் தின்னப் பழக்கி, நாலாம் இரவு எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்ற வேண்டும். சுட்ட தேங்காய்ச் சொட்டும் கருவாட்டுத் துண்டும் நல்ல தீனி, நூலால் கட்டிவிடுங்கள். அடிக்கும் பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, தீனிப்பக்கம் சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும், எலி சுவரோரமாகத்தான் ஓடும். தொடர்ந்து ஐந்தாறு இரவு ஒன்றும் விழாமல், திறந்த வழியில் செருகிய தாளும் அசையாமல் இருந்தால் கடைசி வாயையும் அடையுங்கள்.

நஞ்சை வீட்டுக்குள் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரத்தம் உறையாமல் செய்யும் நஞ்சு தின்ற எலி சாக நாட்கள் எடுக்கும். தாகமெடுத்து வெளியே ஓடிச் சாகும் என்று கடைகளில் சொல்வது உண்மையில்லை, படுத்த இடத்திலேயே சாகும். அதைத் தின்னும் பூனை, கூகை, சாரைப்பாம்பு எல்லாம் நஞ்சேறிச் சாகலாம், அவைதான் வளவில் எலியைக் குறைப்பவை. பிள்ளைகள் இந்த நஞ்சைத் தின்றால் மாற்றாக வைற்றமின் கே1 இருக்கிறது. நாகப் பொசுபைட்டு என்ற இன்னொரு எலி நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது. எதுவானாலும் பெட்டியோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கேளா ஒலி எழுப்பும் கருவிகளை நம்பிக் காசு விடாதீர்கள். 2001இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு இவற்றைச் செய்து விற்ற 60க்கும் மேற்பட்டவர்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாதென எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

ஏணி ஏற ஆளில்லாதவர்கள் கொம்பனியைக் கூப்பிடுவதில் பிழையில்லை. கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எத்தனை இடம் அடைக்கப் போகிறார்கள் என்று எழுத்தில் தருவார்களா, வலையின் கட்டம் எவ்வளவு, கூரைக்குள் ஏறி எடுத்த படம் காட்டுவார்களா, இரண்டாம் கிழமையும் நாலாம் கிழமையும் வந்து பார்ப்பார்களா. பெட்டியில் நஞ்சு வைத்து மாதாமாதம் நிரப்பும் ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் வேறு ஆளைப் பாருங்கள். அடைக்காத வீட்டில் அந்தப் பெட்டி ஒருநாளும் வெறுமையாகாது.

துப்புரவில் கவனம் வேண்டும். 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். எலியின் சிறுநீரில் வரும் அந்தக் கிருமி காயத்தாலும் கண், வாய்ச் சவ்வாலும் உடம்புக்குள் போகிறது. எச்சத்தைத் தும்புத்தடியால் உலரக் கூட்டக் கூடாது. ஒரு பங்கு பிளீச் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். அந்த வேலைக்கோ வெள்ளத்தில் நடந்ததற்கோ பிறகு காய்ச்சலும் தசை நோவும் வந்தால், எலி விடயத்தை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீலிங்குக்குள் கடித்த வயரைக் கண்டால் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கம்பத்திலிருந்து வரும் வயரில் எலி நடப்பது தெரிந்தாலும் அதில் கைவைக்க வேண்டாம், அது சுவரில் சேரும் இடத்தை அடைப்பதுதான் உங்கள் பங்கு. அதையும் மின்சாரத்தை நிறுத்தித்தான் செய்ய வேண்டும்.

வளவில் கிளைகளைக் கூரையிலிருந்து ஆறடி விட்டு வெட்டுங்கள். பனையில் காவோலை கழிக்காமல் தொங்கினால் அது எலிக்குக் கூடு. தென்னையில் ஆறேழடி உயரத்தில் ஒன்றரையடி அகலத் தகடு சுற்றலாம், ஆனால் பக்கத்து மரத்து வட்டோடு ஓலை முட்டினால் பயனில்லை. வருடா வருடம் பழைய கிடுகின் மேலேயே புதுக்கிடுகு சாத்திய வேலி, பொச்சுக் குவியல், நிலத்தில் அடுக்கிய விறகு எல்லாம் எலிக்கு இருப்பிடம். விறகை ஒன்றரையடி உயர்த்தி அடுக்குங்கள். நெல்லும் ஒடியலும் கோழித்தீனும் மூடி இறுகிய ரின்னுக்குள் இருக்கட்டும்.

இந்த வேலைக்கு ஆடி ஆவணிதான் காலம். ஐப்பசி மழையில் வளைகளுக்குள் தண்ணீர் ஏற, நிலத்தெலி வீடு தேடும். தை மாசியில் வயல் வெட்ட, வயலெலி வரும். முதல் பெருமழைக்கு அடுத்த நாள் பென்சிலோடு இன்னொருமுறை சுற்றிவாருங்கள். பக்கத்து வீடு பூட்டிக்கிடந்தால் சொந்தக்காரரிடம் கேட்டு, அந்தக் கூரையின் தாழ்வாரத்தையும் அதே கிழமையில் அடைத்துவிடுங்கள். 50 அடி வலை இன்னொன்று வேண்டிவரும்.